திரையில் ஏலம் போகும் மஞ்சள்

விளைபொருளை ஏலத்தில் விற்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய விஷயமன்று. துண்டின் மறைவில் விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை மாட்டுச் சந்தைகளில் யாவரும் கண்டிருப்பர். ஏலக்காரர் உரக்கக் கூவ, வணிகர்கள் ஒருவரையொருவர் மிஞ்சி விலையை ஏற்றிச் செல்வது மற்றொரு முறை. பருத்தி, கொப்பரை, மஞ்சள் ஆகியவற்றுக்கு நமது விற்பனைச் சங்கங்களிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் பெரிதும் வழங்கிவருவது மறைமுக ஏலம். வணிகர் ஒவ்வொருவரும் லாட்டுகளைப் பார்வையிட்டு, தாம் தரக்கூடிய விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவார். பெட்டியைத் திறந்து, மிக உயர்ந்த விலை குறித்தவருக்குச் சரக்கை முடிவு செய்வர்.

இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்றுண்டு. வாங்குபவர் சரக்கின் எதிரில் நிற்கிறார். மஞ்சளை ஒடித்து உள்நிறத்தைப் பார்க்கிறார். பருத்தியைப் பிய்த்து இழையின் நீளத்தைப் பார்க்கிறார். அவர் கையும் கண்ணுமே தராசுக்கு முந்திய தராசு. மின்னணு ஏலத்தில் மாறியிருப்பது இந்த ஒன்றுதான். மாறிய இந்த ஒன்றைச் சரிவர உணராத சங்கம், கணிப்பொறி வாங்கி வைத்தும் பயனடைவதில்லை என்பதே நமது கருத்து.

கர்நாடக மாநிலம் தன் ஒழுங்குமுறைச் சந்தைகளை ஒரே மின்னணு மேடையில் இணைக்கும் பணியை 2014இல் தொடங்கிற்று. மத்திய அரசு 2016 ஏப்ரல் 14ஆம் நாள், 8 மாநிலங்களின் 21 சந்தைகளைக் கொண்டு தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கியது. ‘இ-நாம்’ என வழங்குவது இதுவே. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் இணைந்த சந்தைகள் ஆயிரமாயின. இதில் சேர விரும்பிய மாநிலங்களுக்கு மூன்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: ஓர் உரிமமே மாநிலம் முழுவதற்கும் செல்லுபடியாதல் வேண்டும், சந்தைக் கட்டணம் ஓரிடத்தில் மட்டுமே பெறப்படல் வேண்டும், விலையை மின்னணு ஏலத்தால் காணல் வேண்டும். 1933ஆம் ஆண்டின் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டமும், அதன்கீழ் 1936இல் திருப்பூரில் அமைந்த ஒழுங்குமுறைச் சந்தையும் விவசாயிக்குச் சரியான எடையையும் ரசீதையும் தேடித் தந்தன. இன்றைய ஏற்பாடு அவ்வழியில் அடுத்த படி எனலாம்.

நடைமுறை எளிது. சரக்கு வாயிலில் நுழைந்ததும் விவசாயியின் பெயரும் சரக்கின் விவரமும் பதிவாகி, லாட்டு எண் வழங்கப்படும். மாதிரி எடுத்துத் தரம் ஆராயப்படும். அம்முடிவு ஏலத்திரையில் ஏறும். வணிகர் தம் கடையிலிருந்தே கைப்பேசி மூலம் விலை கூறலாம். நேரம் முடிந்தபின் உச்ச விலை விவசாயிக்கு அறிவிக்கப்படும். அவ்விலையை அவர் ஏற்கலாம், வேண்டாமெனில் மறுக்கலாம். ஏற்றபின் எடை, பட்டியல், வங்கிக் கணக்கில் பணம்.

இதனால் விலை கூடுகிறதா என்று நிர்வாகக் குழுக்களில் நம்மைக் கேட்காதவர் இல்லை. கர்நாடகத்தின் அனுபவத்தை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, நெல்லுக்கு 5.1 சதவீதமும் நிலக்கடலைக்கு 3.6 சதவீதமும் மக்காச்சோளத்துக்கு 3.5 சதவீதமும் விலை உயர்ந்ததாகக் கணக்கிட்டது. பருத்தி, பாசிப்பயறு, துவரை ஆகியவற்றுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. ஆகவே திரை தானே விலையைக் கூட்டும் என்று நம்புவோரும் தவறினர். அதனால் ஒரு பயனுமில்லை என்று கையை விரிப்போரும் தவறினர்.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் விரலி, உருண்டை, பனங்காளி என மூன்றாகப் பிரித்து மஞ்சளை விற்பது வழக்கம். மூன்றுக்கும் விலை வேறு. வேகவைத்ததில் பதம் தவறினால் உள்நிறம் மங்கும். காய்ச்சல் போதாவிடில் ஈரம் நின்று வண்டும் பூசணமும் பற்றும். ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாதிருப்பது நன்று. மெருகேற்றியதும் ஏற்றாததும் ஒரே மூட்டையில் கலந்திருந்தால், நேரில் நிற்கும் வணிகர் பத்து விரலியை ஒடித்துப் பார்த்து ஒருவாறு மதிப்பிட்டுக்கொள்வார். நூறு மைல் தொலைவில் இருப்பவரால் அது இயலாது. சந்தேகம் தோன்றிய இடத்தில் அவர் மிகவும் மட்டமான சரக்காகவே கருதி விலை கூறுவார். அல்லது அந்த லாட்டைத் தொடாமலே கடந்துவிடுவார். அவரைக் குறை கூற நியாயமில்லை.

ஒரு சங்கத்தின் ஏலத்தன்று அருகருகே இருந்த இரு லாட்டுகளை நாம் கவனித்தோம். ஒன்று ஒரே அங்கத்தினருடையது, நான்கு மூட்டை, பழைய மஞ்சளும் புதியதும் கலந்தது. மற்றொன்று, ஒரே ஊரைச் சேர்ந்த அங்கத்தினர் பலருடைய விரலியைச் சங்கமே தரம் பிரித்துச் சேர்த்த பெரிய லாட்டு. ஈரப்பதமும் எடையும் குறித்த சீட்டு ஒவ்வொரு மூட்டையிலும் கட்டியிருந்தது. முன்னதற்கு உள்ளூர் வணிகர் ஒருவரே விலை கூறினார். பின்னதற்கு வெளியூரிலிருந்தும் போட்டி வந்தது. லாரி வாடகை கொடுத்து நான்கு மூட்டையை எடுத்துச் செல்ல யார் முன்வருவர்? தொலைவிலுள்ள வணிகருக்கு வேண்டுவது ஒரு வண்டிக்குரிய சரக்கு. அதைத் திரட்டித் தருவது தனி விவசாயியால் ஆகாது, சங்கத்தால் ஆகும். உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் சேகரிப்பு நிலையத்திலிருந்தே சரக்கை ஏலத்திரையில் ஏற்றுவதற்கான ஏற்பாடு 2020 ஏப்ரலில் இ-நாமில் செய்யப்பட்டதும் இக்காரணம் பற்றியே.

சொல்லை நம்பி வாங்கும் வியாபாரத்தில் நமக்கு முன்னோடிகள் ஹாலந்து தேசத்துப் பூ விவசாயிகள். ஆல்ஸ்மீர் என்னும் ஊரில் அவர்கள் கூட்டுறவு முறையில் அமைத்த ஏல நிலையம் நூறாண்டு கடந்தது. அங்கு விலை ஏறுவதில்லை. கடிகாரமுள் போல் மேலிருந்து கீழிறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே சரக்கு. முன்னாளில் பூ வண்டிகள் வணிகர் முன் ஊர்ந்து செல்லும். இன்று அவர்கள் வீட்டிலிருந்தே படத்தையும் விவரத்தையும் பார்த்து வாங்குகின்றனர். விவரத்தை எழுதுபவர் பூ வளர்த்தவரே. அவர் எழுதியது எத்தனை முறை உண்மையாயிற்று என்பதற்கும் ஒரு குறியீடு வைத்திருக்கின்றனர். பொய்யெழுதியவர் குறியீடு தாழும். நமது சங்கங்களில் இத்தகைய ஏற்பாடு இல்லை. ஆயினும் லாட்டுச் சீட்டில் சங்கத்தின் பெயரே இருக்கிறது. ஓர் அங்கத்தினர் மூட்டையின் அடியில் பனங்காளியை வைத்துக் கட்டினால், அடுத்த வாரம் குறைந்த விலை பெறுபவர் அவரல்லர். ஒரு பாவமும் அறியாத பக்கத்துக் காட்டுக்காரர். தரம் பிரிக்கும் பணியாளர் முகம் பார்க்காமல் மூட்டையைப் பார்க்க வேண்டும். நிர்வாகக் குழு அங்கத்தினரின் சரக்குக்கும் இவ்விதி உண்டு.

மற்றொரு குறை திரைக்கு அப்பாற்பட்டது. சீட்டெழுதிய அதே ஐந்து வணிகர் இப்பொழுது கைப்பேசியில் விலை கூறுகின்றனர் என்றால், அவர்கள் முன்னரே தேநீர்க் கடையில் பேசி முடிப்பதை எந்தக் கருவியும் தடுக்காது. வெளியூர் வணிகருக்கு உரிமம் பெற்றுத்தந்து, முதல் சில ஏலங்களில் அவர் சொன்னபடி சரக்கு சென்று சேர்ந்ததா என்று சங்கத்தின் காரியதரிசியே விசாரித்து வருவது இதற்கு ஏற்ற மருந்து.

இனி, விலையை மறுக்கும் உரிமை. விற்பவர் கையிலிருக்கும் பெரிய ஆயுதம் அதுவே. ஆனால் அது யாருக்கு உண்டு? விதைக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் பெற்றவர், சரக்கை அந்த மண்டிக்கே கொண்டு செல்வார். அவருக்கு ஏலமே இல்லை. சங்கத்துக்குக் கொண்டுவந்தவரும், மகள் கலியாணமோ பள்ளிக் கட்டணமோ எதிரில் நிற்கையில் கிடைத்த விலைக்குத் தலையசைப்பார். குவிண்டாலுக்கு 500 ரூபாய் குறைவாக ஏற்றால் 20 குவிண்டாலுக்கு 10,000 ரூபாய் நஷ்டம். சங்கத்தின் கிடங்கில் சரக்கை வைத்து ஈட்டுக்கடன் பெற முடிந்தால் அவர் காத்திருக்கலாம். கிடங்கு ரசீதுக்கு மதிப்பளிக்கும் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. 2017 முதல் அந்த ரசீது மின்னணு வடிவிலும் கிடைக்கிறது. ஏலத்திரைக்குச் செலவிட்ட தொகையைப் பற்றிப் பெருமைப்படும் சங்கங்களிடம், கிடங்கில் எத்தனை மூட்டைக்கு இடமுண்டு, ஈட்டுக்கடனை எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள் என்று நாம் கேட்பது வழக்கம். அவ்விடத்தில் பதில் சற்றுத் தாமதித்தே வருகிறது. எனினும் காத்திருப்பதற்கும் எல்லையுண்டு. மஞ்சள் விலை இறங்கிக்கொண்டே போன ஆண்டுகளில் வட்டி கட்டி வைத்திருந்து இரட்டை நஷ்டம் அடைந்தோரும் உளர். கடன் வாங்குமுன் எந்த விலைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து குறித்து வைப்பது நலம்.

நெசவாளர் அங்கத்தினர் சிலர், சேலை வேட்டியையும் இவ்வாறு ஏலத்தில் விடலாமா என்று வினவினர். வேண்டாம் என்பதே நமது ஆலோசனை. மஞ்சளின் அன்றைய விலை ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் ஏலம் வேண்டியிருக்கிறது. சேலைக்கோ நூல், சாயம், கூலி எல்லாம் கணக்கில் உள்ளன. 1995இல் அமெரிக்காவில் ஏலத்துக்கென்றே தோன்றிய இ-பே நிறுவனத்திலும் பின்னாளில் நிலைவிலை விற்பனையே மிஞ்சிற்று. இன்று எவரும் நெய்யாத பழைய கரையில் ஒன்றிரண்டு சேலை நெய்தால் அவற்றை வேண்டுமாயின் ஏலத்தில் விட்டுப் பார்க்கலாம். எப்படி விற்பினும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம், சரியான நீளம் அகலம், நூல் எண், சாயத்தின் இயல்பு ஆகியவற்றை எழுதுக. இழை விட்ட இடம் இருந்தால் அதையும் எழுதுக. திரும்பி வரும் சேலைக்கு இருவழித் தபால் செலவும் சங்கத்தின் தலையில் விழும்.

தை, மாசியில் புது மஞ்சள் வரத் தொடங்கும். அதற்கு முன்பே அங்கத்தினர் ஒவ்வொருவரும் சங்க அலுவலகம் சென்று, தம் பெயரில் பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் சரியானவைதாமா என்று பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். பல பேரேடுகளில் மகனின் பழைய எண்ணே இன்னும் இருக்கிறது. ஏல விலை அறிவிப்பு அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.