ஒரு சத்தம், 157 கணக்கு

ஊடகவியல் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்க வேண்டிய கடைசி தேதி நெருங்குகிறது. "பழைய சோதனை ஒன்றையே திரும்பச் செய்தால் ஆய்வாக ஏற்பார்களா?" என்று கேட்டு வந்த கடிதங்களோடு பெற்றோர் கடிதங்களும் கலந்து கிடக்கின்றன. "வீடியோ கேம் ஆராய்ச்சி பொய் என்று தெரிந்துவிட்டதாமே, இனி பையனைக் கண்டிக்க வேண்டாமா?" என்கிறார்கள் இவர்கள். இரு தரப்புக்கும் குழப்பம் ஒன்றுதான். இதழ் திரும்பப் பெற்ற கட்டுரையையும், திரும்பச் செய்தபோது பழைய முடிவு வராமல் போன சோதனையையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனைக் குழு, ஒப்பீட்டுக் குழு, 5 சதவீத வரம்பு இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்குப் போகிறேன்.

பெற்றோர் சொல்லும் ஆராய்ச்சி 2012-ல் 'கம்யூனிகேஷன் ரிசர்ச்' இதழின் இணையப் பதிப்பில் வந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 151 மாணவர்களை 20 நிமிடம் வீடியோ கேம் ஆடவைத்தார்கள். பிறகு கையில் பயிற்சித் துப்பாக்கியைக் கொடுத்து, மனித உருவப் பொம்மை ஒன்றை 16 முறை சுடச் சொன்னார்கள். துப்பாக்கி வடிவக் கன்ட்ரோலரைப் பிடித்து 'ரெசிடென்ட் ஈவில் 4' ஆடியவர்கள் மற்றவர்களைவிட 99 சதவீதம் அதிகமாகத் தலையில் சுட்டார்கள் என்பது முடிவு. செய்தியாளர்கள் விடுவார்களா? உலகமெல்லாம் போனது. 2015 ஜனவரியில் பாட்ரிக் மார்க்கி, மால்டே எல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தரவுக் கோப்பில் சில எண்கள் ஒட்டவில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். சரிபார்க்கப் போனால் மூலப் பதிவுகள் இல்லை. 2017-ல் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது.

கவனியுங்கள், இங்கே யாரும் சோதனையைத் திரும்பச் செய்து முடிவைக் கவிழ்க்கவில்லை. நடந்தது தரவுத் தணிக்கை. அந்த முடிவு பொய் என்றும் ஆகவில்லை, மெய் என்றும் ஆகவில்லை. ஆதாரமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. கட்டுரையாசிரியர்களில் ஒருவரான பிராட் புஷ்மன் அதே சோதனையை மறுபடி நடத்தி, முன்பு கண்டதே இப்போதும் கிடைத்தது என்று 2018-ல் 'அக்ரெசிவ் பிஹேவியர்' இதழில் எழுதினார். தன் சோதனையைத் தானே திரும்பச் செய்து தேர்ச்சி அளித்துக்கொள்வதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. சம்பந்தமில்லாத வேறொருவர் செய்யும்வரை அதை ஓர் ஓரமாகத்தான் வைக்க வேண்டும்.

என்னை உறுத்துவது துப்பாக்கி இல்லை, ஹெட்போன்.

வன்முறை விளையாட்டு ஆக்ரோஷத்தைக் கூட்டுகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்ப்பது? மாணவர்களை அடித்துக்கொள்ள விட முடியாது. 1967-ல் ஸ்டூவர்ட் டெய்லர் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பயன்படுத்தியது மின்னதிர்ச்சி. பின்னால் வந்தவர்கள் அதை இரைச்சலாக மாற்றிக்கொண்டார்கள். வேறோர் அறையில் ஒரு போட்டியாளர் உட்கார்ந்திருப்பதாக உங்களிடம் சொல்வார்கள். திரையில் குறி தெரிந்ததும் யார் முந்திப் பொத்தானை அழுத்துகிறார் என்பது போட்டி. தோற்றவர் காதில் ஹெட்போன் வழியே இரைச்சல் பாயும். போட்டியாளர் தோற்றால் எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதைச் சுற்று தொடங்கும் முன்பே நீங்கள் குறித்துவிட வேண்டும். உங்களுக்கு அவர் குறிப்பார். பெரும்பாலும் 25 சுற்றுகள். அந்த அறையில் ஆளே கிடையாது. எந்தச் சுற்றில் யார் ஜெயிப்பது, 'எதிராளி' எவ்வளவு சத்தம் வைப்பது எல்லாமே கம்ப்யூட்டரில் முன்பே எழுதியவை. நீங்கள் வைத்த சத்தம்தான் உங்கள் ஆக்ரோஷம்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஒருவருக்கும் காயமில்லை, கையில் எண் கிடைத்துவிடுகிறது. ஆனால் எந்த எண்?

25 சுற்று, சுற்றுக்கு இரண்டு எண் என்றால் ஆளுக்கு 50 எண்கள். இவற்றை ஒரே மதிப்பெண்ணாகச் சுருக்கியாக வேண்டும். எல்லாச் சுற்றுகளின் சத்தத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம். நேரத்துக்கு மட்டும் சராசரி எடுக்கலாம். சத்தத்தையும் நேரத்தையும் பெருக்கலாம். 'எதிராளி'யின் சத்தம் சீண்டுவதற்கு முந்தைய முதல் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 24-ஐ விட்டுவிடலாம். சத்தத்தை மிக உயர்ந்த அளவில் வைத்த சுற்றுகள் எத்தனை என்று எண்ணலாம். தோற்ற சுற்றுகளுக்குப் பிறகு வைத்ததை மட்டும் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்ல முடியும் என்பதுதான் தொல்லை. மேலே சொன்ன அதே எல்சன், இந்தச் சோதனையைப் பயன்படுத்திய 130 வெளியீடுகளைத் திரட்டிப் பார்த்தார். அவற்றில் 157 விதமான எண்ணும் முறைகள் இருந்தன. கட்டுரைகளைவிட முறைகள் அதிகம்! ஆட்டம் முடிந்த பிறகு எந்தெந்த ஓவரைக் கணக்கில் சேர்ப்பது என்று ஸ்கோரர் முடிவு செய்துகொள்ளலாம் என்றால், எந்த அணிதான் தோற்கும்? எல்சனும் கூட்டாளிகளும் 2014-ல் மூன்று ஆய்வுகளின் தரவை எடுத்து வெவ்வேறு முறைகளில் கணக்குப் போட்டார்கள். தரவு மாறவில்லை, முடிவு மாறிக்கொண்டே இருந்தது.

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று, கிரெய்க் ஆண்டர்சனும் கேரன் டில்லும் 2000-ல் வெளியிட்டது. கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒரு குழு 'உல்ஃபென்ஸ்டைன் 3டி' ஆடியது, இன்னொன்று சாதுவான 'மிஸ்ட்'. பிறகு நடந்த இரைச்சல் போட்டியில் வன்முறை விளையாட்டின் விளைவு தெரிந்தது ஓரிடத்தில்தான்: தோற்ற சுற்றுகளுக்குப் பின் இரைச்சலை எவ்வளவு நேரம் நீட்டினார்கள் என்பதில். சத்தத்தின் அளவில் தெரியவில்லை. ஜெயித்த சுற்றுகளுக்குப் பின்னும் தெரியவில்லை. கட்டுரை இதை மறைக்கவில்லை. மேற்கோள் காட்டியவர்கள்தான் 'ஆக்ரோஷம் கூடியது' என்று சுருக்கிவிட்டார்கள்.

இதில் மோசடி எதுவும் தேவையில்லை என்பதால்தான் உறுத்துகிறது. ஜோசப் சிமன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் மூவரும் 2011-ல் காட்டியதைப் பாருங்கள்: ஆய்வாளர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நான்கு சின்னச் சலுகைகளைச் சேர்த்தாலே, இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60-ஐத் தாண்டுகிறது. இப்படிப்பட்ட சோதனையைத் திரும்பச் செய்வது என்றால் எதைத் திரும்பச் செய்வது? அறையையும் ஹெட்போனையும் அச்சாக அமைத்துவிடலாம். எண்ணும் முறையை மாற்றிக்கொள்ளும் உரிமை கையில் இருக்கும்வரை, பழைய முடிவை 'உறுதி செய்வதும்' சுலபம், 'தகர்ப்பதும்' சுலபம். தகர்ப்பவர்களையும் இதே சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இதற்கு மருந்து முன்பதிவு என்கிறார்கள். கருதுகோள், எத்தனை பேர், எப்படி எண்ணுவது எல்லாவற்றையும் தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பொதுவில் வைத்துவிட்டால் ஆய்வாளரின் கை கட்டப்பட்டுவிடும் என்பது அதிகாரபூர்வ விளக்கம். பதிவையும் அச்சான கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது படித்தால்தான் கட்டு நிற்கும் என்பது என் விளக்கம். இதைவிடக் கறாரானது பதிவு செய்த அறிக்கை. இதில் இதழே திட்டத்தை மட்டும் படித்துவிட்டு, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று முதலில் வாக்குக் கொடுக்கிறது. ஆண்ட்ரூ ஷ்பில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 2019-ல் இந்த முறையில்தான் பிரிட்டனின் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரை ஆராய்ந்தார்கள். எந்தக் கேமில் எவ்வளவு வன்முறை என்பதைப் பிள்ளைகள் சொல்லவில்லை, தரச்சான்று அமைப்புகளின் மதிப்பீட்டிலிருந்து எடுத்தார்கள். பிள்ளையின் ஆக்ரோஷத்தை வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். வன்முறை விளையாட்டுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. நல்ல வேலை, ஆனால் இது கருத்துக்கணிப்பு, சோதனையே அல்ல. பழைய ஹெட்போன் சோதனையை இது தோற்கடித்துவிட்டது என்று எழுதுபவர்கள் இரண்டையும் படிக்கவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நீதிமன்றம் ஏதாவது சொன்னதா? சிறுவர்களுக்கு வன்முறை விளையாட்டு விற்பதைத் தடுத்த கலிஃபோர்னியா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் 7-2 என ரத்து செய்தது. பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்க்கும் குழந்தைகளிடமும் இதே விளைவைத்தானே கண்டதாகச் சொல்கிறீர்கள் என்று தீர்ப்பு இடித்துக்காட்டியது. (2005-ல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் 'டெர்மினேட்டர்' ஆர்னால்டு ஸ்வார்ஸ்நெகர்.)

திரும்பச் செய்தால் எத்தனை தேறும்? உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015-ல் வெளியிட்டார்கள். மூலத்தில் 97 சதவீதம் தேறியிருந்தன, மறுமுறை 36.

வீட்டில் பையனைத் தடுப்பதா, விடுவதா? தூக்கமும் படிப்பும் கெடுகிறது என்றால் தடுங்கள். அதற்கு எந்த ஆய்வுக்கூடச் சான்றும் வேண்டாம்.

மறுசோதனையை ஆய்வேடாக ஏற்பார்களா? வழிகாட்டியைப் பொறுத்தது, 'புதுமை இல்லை' என்று சொல்பவரிடம் 157-ஐச் சொல்லிப் பாருங்கள்.

பழைய ஆய்வாளர் தரவு தருவாரா? இன்றே மின்னஞ்சல் போடுங்கள், பதில் வரும் என்று நம்பி அட்டவணை போடாதீர்கள்.

கடைசி தேதிக்குள் தலைப்பு மட்டும் கொடுத்தால் போதுமா? துறைக்குப் போதும், நீங்கள் எப்படி எண்ணப் போகிறீர்கள் என்பதையும் அரைப் பக்கம் எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுங்கள்.