முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சாச்சு, ஊன்றுகோலை எப்போது விடலாம்? பழவங்காடி சாலையில் ஒரு கணக்கு

தம்பானூரில் ரயிலோ பஸ்ஸோ விட்டு இறங்கி, ஓவர்பிரிட்ஜ் சந்திப்பு வழியாகப் பழவங்காடி கணபதி கோவிலுக்கு நடந்து போயிருக்கிறீர்களா? ஒரு கிலோமீட்டருக்குள்தான் தூரம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வருபவர்களுக்கும், டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் பழகிய வழி. பேசிக்கொண்டே நடந்தால் கோவில் வந்துவிடும்.

அதே வழியில் இரண்டு ஊன்றுகோலுடன், ஒரு காலைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு போவதாக நினைத்துப் பாருங்கள். காலை ஊன்றாமல் நடக்கும்போது, அதே தூரத்துக்கு உடம்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தியைச் செலவிடுகிறது. வேகமும் நன்றாகக் குறைகிறது. சாலையைக் கடக்கும் சிக்னல் நேரத்தை இந்தியாவில் வழக்கமாக நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 15 மீட்டர் சாலைக்கு 12.5 நொடி. உங்கள் வேகம் பாதியாகிவிட்டால் 25 நொடி வேண்டும். அந்த மீதி 12.5 நொடி நீங்கள் நடுரோட்டில் நிற்பீர்கள், சிக்னல் மாறிவிட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் தப்பான முடிவு எடுக்கிறார்கள். "வலிதான் இல்லையே, இதைத் தூக்கிக்கிட்டு ஏன் அல்லாடணும்?" என்று ஊன்றுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

வலி போனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. முழங்கால் ஆபரேஷன் எல்லாம் ஒன்றில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். மெனிஸ்கஸ் எனப்படும் குருத்தெலும்பு வட்டின் கிழிந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தால், பெரும்பாலும் சில நாட்களில் ஊன்றுகோல் தேவைப்படாது. அதே மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் 4 முதல் 6 வாரம் வரை காலில் எடை போடக் கட்டுப்பாடு இருக்கலாம். வெட்டி எடுத்தவர் அடுத்த வாரமே நடக்கிறார் என்பதைப் பார்த்து, தைத்தவர் நடக்கக் கூடாது. பக்கத்து சீட் நண்பருக்கு எது செய்தார்கள் என்று தெரியாமல் அவருடைய தேதியை உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏசிஎல் என்ற தசைநாரை மாற்றி வைத்திருந்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. புதிதாக வைத்தது உங்கள் உடம்பிலிருந்தே எடுத்த ஒரு தசைநாண். அது முதலில் ரத்த ஓட்டம் இழந்து பலவீனமாகும், பிறகுதான் மெல்ல மெல்ல லிகமெண்டாக மாறும். ஏறத்தாழ 6 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். கவனித்தீர்களா? வீக்கம் வடிந்து, வலி குறைந்து, "நமக்கு ஒண்ணுமில்லப்பா" என்று தோன்றுவதும் அதே வாரங்களில்தான்.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாள் ரெஸ்ட்?" என்பதல்ல. "இந்தக் காலில் எவ்வளவு எடை போடலாம், எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள். ஊன்றவே கூடாதா, விரல் நுனி தொடலாமா, பாதி எடையா, தாங்கும் அளவுக்கா? நாலும் நாலு வகை. பாதி எடை என்று சொன்னால் அது எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலை மட்டும் அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். டாக்டர் சொன்ன கிலோவில் முள் நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று கால் பழகிக்கொள்ளும்.

ஊன்றுகோலை எப்படிப் பிடிப்பது?

அக்குளில் வைக்கும் கட்டை என்றால், அக்குளுக்கும் அதன் மேல்பட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். எடை முழுக்க உள்ளங்கையில்தான் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தூக்க முடியாமல் போகும். இது நிஜமாகவே நடக்கிறது. கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்கட்டும்; அப்போதுதான் முழங்கை லேசாக மடங்கும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் ஆபரேஷன் செய்த காலும் முதலில். ஒற்றை ஊன்றுகோலுக்கு மாறும் கட்டம் வந்ததும், அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். சினிமாவில் பெரும்பாலும் தப்பான பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள், அதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

இரண்டு கையும் போய்விட்டதால் ஒரு டம்ளர் டீயைக்கூட எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. முதுகுப் பையும் மூடி போட்ட பிளாஸ்கும்தான் வழி. தோளில் ஒரு பக்கமாகத் தொங்கும் ஆபீஸ் பையை மறந்துவிடுங்கள், அது முன்னால் சரிந்து உங்களையும் சரிக்கும்.

சரி, பழவங்காடிக்கே திரும்புவோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கணபதிக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொள்வது இந்த ஊரில் சாதாரணம். தேங்காய் உடைக்கும் இடத்துத் தரை எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்: தேங்காய்த் தண்ணீர், ஓட்டுச் சில்லு, வெறுங்கால். ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தால், ஈரத் தரையில் அது சறுக்குக்கட்டை. கிளம்புவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். வரி தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரமாக. தேங்காயைக் கூட வந்தவர் உடைக்கட்டும். வேண்டுதலுக்கு இதில் குறை வராது.

கோவிலைத் தாண்டிக் கிழக்கேகோட்டைக்குப் போக வேண்டுமென்றால், அங்கே சாலையைக் கடக்க 2022-ல் திறந்த நடைமேம்பாலம் இருக்கிறது, லிப்டுடன். லிப்ட் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள். பாதி வழியில் படிக்கட்டு என்று தெரிந்தால் திரும்பி வரவும் அதே இரண்டு மடங்கு சக்தி வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது முதலில் பின்பக்கத்தை சீட்டில் வைத்து உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கடைசி ஆளாக ஏறுங்கள், கூட்டம் தள்ளாது.

சட்டம் உங்களைக் கணக்கில் எடுக்கிறதா?

பாதிதான். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நீண்டகாலக் குறைபாடு உள்ளவரைத்தான் மாற்றுத்திறனாளி என்று வரையறுக்கிறது. ஆறு வார ஊன்றுகோல்காரருக்கு அதில் இடமில்லை. பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்குக் கட்டாயமான விதிகளை வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ல் ரஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதத்தில், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்றும் சொன்னது. இந்த இரண்டாவதில் நீங்களும் வருகிறீர்கள், சான்றிதழ் எதுவும் வேண்டாம். இந்திய சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல், நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அடுத்த முறை உங்கள் தெரு நடைபாதையில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

அப்போ எப்போதுதான் விடுவது?

காலண்டர் ஒரு பாதி, கால் ஒரு பாதி. டாக்டர் சொன்ன தேதி வந்திருக்க வேண்டும். அதோடு முழங்கால் முழுக்க நேராக நீள வேண்டும். படுத்தபடி காலை நேராகத் தூக்கினால் முழங்கால் தொய்யக் கூடாது. நொண்டாமல் நடக்க வேண்டும். நொண்டுகிறீர்கள் என்றால் ஊன்றுகோல் இன்னும் வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நொண்டி நடந்தால் உடம்பு அந்த நொண்டலையே பழகிக்கொள்ளும். படுக்கையில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ பிசியோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

டர்ஃபில் ஃபுட்பால் ஆடுபவர்களுக்கு ஒரு எண். ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்களைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான நார்வே-அமெரிக்க ஆய்வு ஒன்றில், விளையாட்டுக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது 51 சதவீதம் குறைந்தது.

தரையில் சம்மணம் போட்டு உட்காருவது கடைசியில்தான் திரும்ப வரும். பழவங்காடி கணபதி வலது காலை மடித்து உட்கார்ந்திருக்கும் கோலம். அந்த அளவு மடக்கலை எப்போது முயலலாம் என்று பிசியோவிடம் தனியாகக் கேளுங்கள், முக்கியமாக மெனிஸ்கஸ் தைத்தவர்கள்.