துளிர்க்கும் பவளம்

ஒன்பது மணிகளுள் ஒன்றாகிய பவளத்தைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். சங்க இலக்கியம் அதனைத் ‘துகிர்’ என்றும் குறிப்பிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்து கிடந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, துகிரையும் அவற்றோடு சேர்த்து எண்ணுகிறது. அணிகலனில் பதிக்கப்படும் செம்பவளம் கல்லைப் போலத் தோன்றினும் அது கல் அன்று. கடல்வாழ் சிற்றுயிர்கள் உருவாக்கிய கூடு. அச்சிற்றுயிர்களின் உறவினரே வெப்பக் கடல்களில் பெரும் பாறைகளை எழுப்பும் பவள உயிரிகள்.

செடியா, விலங்கா?

கடலுக்கடியில் கிளை பரப்பிப் பூத்திருக்கும் பவளத்தைச் செடி என்றே அறிஞர் பலரும் கருதி வந்தனர். 18ஆம் நூற்றாண்டில் பெய்சொனெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பவளத்தின் ‘பூக்கள்’ உண்மையில் சிறு விலங்குகளே என்று கூறினார். அக்கால அறிஞர்கள் முதலில் அதனை ஏற்கவில்லை.

ஒவ்வொரு ‘பூவும்’ பாலிப் எனப்படும் ஓர் உயிர். அதற்கு ஒரு வாயும் அதனைச் சுற்றி உணர்கொம்புகளும் உண்டு. பாறை கட்டும் வகைகளில் அது கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன் அடியில் கூடு அமைக்கிறது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பவளத்துக்குத் தருகிறது. பவளம் பாசிக்கு இடம் தருகிறது. பாசி தருவது பழுப்பு நிறம். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு போன்ற கண்கவர் நிறங்கள் பலவும் பவளத்தின் உடலிலுள்ள புரதங்களால் உண்டாகின்றன. நீரின் வெப்பம் மிகுந்தால் பாசி வெளியேற்றப்படும்; பவளம் வெளுத்துப் பசியால் வாடும்.

உருண்டு திரண்ட பவள வகைகள் பல, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. ஒரு குடத்தின் பருமனை அடைய அவற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனை உடைத்தெடுக்கச் சில நொடிகளே போதும்.

தொட்டிக்குள் ஒரு கடல்

பவளத்தின் நிறமே அதற்குப் பகையாயிற்று. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளத்தை வளர்க்கும் ஆர்வம் உலகின் பல நாடுகளில் பரவியது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1960களின் தொடக்கத்தில் கடற்பாறைகளையும் பவளங்களையும் தொட்டியில் இட்டு வளர்த்துக் காட்டினார். நல்ல விளக்குகளும் நீரைச் சுழற்றும் கருவிகளும் பின்னர் வந்தபோது பவளத் தொட்டிகள் பெருகின. கடலிலிருந்து பெயர்க்கப்படும் பவளங்களும் பெருகின.

வீட்டில் பவளம் வளர்ப்பது எளிதன்று. நீரின் வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். 1 லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும் 400 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியமும் வேண்டும். இவற்றுள் ஒன்று திடீரெனப் பிறழ்ந்தாலும் பல நாள் வளர்ந்த பவளம் ஓரிரு நாளில் மடியக்கூடும்.

பவளப் போத்து

முருங்கைக் கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால் அது துளிர்த்து மரமாகும். அவ்வாறு ஊன்றப்படும் கிளைக்குப் போத்து என்று பெயர். பவளத்துக்கும் இத்தன்மை உண்டு. புயலலையில் ஒடிந்து விழும் கிளை, பொருந்திய இடத்தில் ஒட்டிக்கொண்டால் புதிய கூட்டமாக வளர்கிறது. தொட்டி வளர்ப்போர் இயற்கையின் இவ்வழியையே பின்பற்றலாயினர்.

கிளைத்து வளரும் பவளத்தை எலும்பு வெட்டும் கத்தரியாலும், உருண்ட பவளத்தை வைரத்தூள் பதித்த வாளாலும் துண்டாக்குவர். மென்பவளத்துக்குக் கூரிய கத்தியே போதும். நோய் தொற்றாதிருக்க அயோடின் கலந்த கடல்நீரில் துண்டைச் சிறிது நேரம் நனைப்பர். பின்னர் அதனைச் சுண்ணக்கல் அல்லது சுட்ட மண்ணால் ஆன சிறு பீடத்தின்மீது பசையால் ஒட்டி, மிதமான ஒளியும் நீரோட்டமும் உள்ள இடத்தில் வைப்பர். சில வாரங்களில் துண்டின் ஓரம் பீடத்தின்மீது படர்ந்து பற்றிக்கொள்ளும். பொத்தான் வடிவில் விரியும் சில வகைகளில் கொடிய நஞ்சு இருப்பதால், கையுறையும் கண் காப்பும் இன்றி எவரும் இதனைச் செய்தல் கூடாது.

இம்முறையில் தாய்க் கூட்டம் ஒன்றிலிருந்து பல துண்டுகள் கிடைக்கின்றன. ஒருவர் மற்றொருவருக்கு அவற்றைக் கொடுத்து மாற்றிக்கொள்வதால், ஒவ்வொரு தொட்டிக்கும் புதிதாகக் கடலை நாட வேண்டிய தேவை குறைகிறது.

ஒரு தவறு தந்த வழி

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன் என்னும் அறிவியலாளர் பணியாற்றினார். ஒருநாள் தொட்டியிலிருந்த மான்கொம்புப் பவளம் ஒன்றை அவர் இடம் மாற்ற முயன்றபோது அது உடைந்து, சில பாலிப்புகள் மட்டுமே தொட்டியின் அடியில் ஒட்டி நின்றன. அவை மடிந்துபோகும் என்று அவர் எண்ணினார். மாறாக, அவை வியப்பூட்டும் விரைவில் பெருகின.

வெட்டுப்பட்ட ஓரத்தை மூடுவதற்காகப் பவளம் விரைந்து வளர்கிறது. ஒரே தாயிலிருந்து வந்த சிறு துண்டுகளை அருகருகே ஒட்டினால், அவை வளர்ந்து ஒன்றையொன்று தொட்டு மீண்டும் ஒரே உடலாக இணைகின்றன. நெடுங்காலத்தில் பெறும் பரப்பை இதனால் குறுகிய காலத்தில் பெற முடிகிறது. அழிந்த பவளப் பாறைகளை மீட்க இம்முறை இன்று பயன்படுகிறது.

நம் நாட்டுக் கடல்களில்

இந்தியாவில் மன்னார் வளைகுடா, பாக் வளைகுடா, கட்ச் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் பவளப் பாறைகள் உள்ளன. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே காப்பு பவளத்துக்கும் உண்டு. கடலிலிருந்து அதனை எடுப்பதும் விற்பதும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. முன்னர் அங்குச் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. அவ்வாறு சிதைந்த இடங்களில் இன்று ஆய்வாளர்கள் கடலுக்குள் மூழ்கி, கான்கிரீட் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கின்றனர். குசராத்து மாநிலத்தின் மிதாப்பூர் கடலில் 2020இல் மற்றொரு முயற்சி தொடங்கியது. இரும்புச் சட்டத்தில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால் கடல்நீரின் சுண்ணாம்பு அதன்மேல் படியும். அதன்மீது துண்டுகள் பொருத்தப்பட்டன.

எனினும், நட்ட பவளமும் வெப்பத்துக்குத் தப்புவதில்லை. 2016இல் கடல்நீர் சூடேறியபோது மன்னார் வளைகுடாவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. துண்டுகளை நட ஆய்வாளர் சிலரால் இயலும். கடல் சூடேறாமல் காப்பது அனைவரின் கடமை.

விற்பதற்காகக் கடற்பாறையைப் பெயர்ப்பவர் கையிலும், மீட்பதற்காகக் கிளையை நறுக்குபவர் கையிலும் இருப்பது ஒரே கருவிதான். தாய்க் கூட்டம் தொடர்ந்து வாழுமா, வெட்டிய துண்டு எங்கே ஊன்றப்படும் என்னும் இரண்டு வினாக்களே அச்செயல்களை வேறுபடுத்துகின்றன.

சொற்பொருள்

துகிர் – பவளம்
போத்து – நடுவதற்காக வெட்டிய கிளை
பிறழ்தல் – முறை மாறுதல்
பீடம் – தாங்கும் அடிப்பகுதி

பயிற்சி

1. பவளம் செடி அன்று, விலங்கே என்பதை இரண்டு காரணங்களால் விளக்குக.
2. முருங்கைப் போத்துக்கும் பவளத் துண்டுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. டேவிட் வாகனின் தொட்டியில் நிகழ்ந்தது என்ன? அதனால் விளைந்த பயன் யாது?
4. கடற்கரையில் சுற்றுலா சென்ற நண்பன் உயிருள்ள பவளம் ஒன்றை எடுத்து வர விரும்புகிறான். அவனைத் தடுத்து ஐந்து தொடர்களில் கடிதம் எழுதுக.