கால்பந்து மைதானங்களில் மதுத் தடை: கூட்ட நெரிசலைத் தடுக்குமா?

இங்கிலாந்தின் முன்னணிக் கால்பந்துப் போட்டிகளைக் காணச் செல்லும் ரசிகர் மைதானத்துக்குள்ளேயே பீர் வாங்கலாம். ஆனால், அதைக் கையில் ஏந்தியபடி ஆட்டத்தைப் பார்க்க இயலாது. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ரக்பி, கிரிக்கெட் ரசிகர்களுக்கு இக்கட்டுப்பாடு கிடையாது.

இதற்கு முன்னோடி ஸ்காட்லாந்து. 1980 மே மாதம் கிளாஸ்கோவில் செல்டிக் - ரேஞ்சர்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் ஆடுகளத்தில் இறங்கி மோதிக்கொண்டனர். அதே ஆண்டில் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இரு சட்டங்களின் நோக்கமும் வன்முறையைக் கட்டுப்படுத்துவதே. கூட்ட நெரிசல் என்பது வேறு சிக்கல்.

இந்த வேறுபாடு மறக்கப்பட்டதால் நேர்ந்த அநீதிக்கு ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானமே சான்று. 1989 ஏப்ரல் 15 அன்று, லிவர்பூல் - நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அரையிறுதி ஆட்டத்தின்போது, நுழைவாயிலுக்கு வெளியே கூட்டம் பெருகியதால், வெளியேறும் வாயிலொன்றைத் திறக்கக் காவல்துறை உத்தரவிட்டது. உள்ளே வந்தவர்களைப் பக்கவாட்டுப் பகுதிகளுக்குத் திருப்பிவிட ஏற்பாடில்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த, கம்பிவேலியிட்ட நடுப்பகுதிக்குள் அவர்கள் திரண்டனர். இத்துயரத்தில் உயிரிழந்தோரின் எண்ணிக்கை பின்னாளில் 97 ஆனது.

பழியோ ரசிகர்களின் குடிப்பழக்கத்தின் மீது சுமத்தப்பட்டது. இறந்தவர்களின் உடல்களில், சிறுவர்கள் உட்பட, மதுவின் அளவு சோதிக்கப்பட்டது. அவர்களில் மிக இளையவருக்கு வயது 10. காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என நீதிபதி டெய்லர் அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை அளித்தார். ஆயினும், ரசிகர்களின் நடத்தை காரணமன்று என மரண விசாரணை நடுவர் குழு முடிவளிக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் 2022 அக்டோபர் 1 அன்று காவல்துறை வீசிய கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி, குறுகிய வாயில்களை நோக்கி மக்கள் ஓடினர். 135 பேர் மாண்டனர். கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ரசிகர்களிடையே மூண்ட மோதலைத் தொடர்ந்த நெரிசல் 16 உயிர்களைப் பறித்தது. மோதலைத் தணிக்க மதுத் தடை ஓரளவு உதவக்கூடும். வாயிலை அகலப்படுத்த அதனால் இயலாது.

தடையே நெரிசலை உண்டாக்கவும் கூடும். வெளியே அவசரமாகக் குடித்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் தறுவாயில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வருகின்றனர். இடைவேளையில் மதுக்கூடங்களின் முன் முண்டியடிக்கின்றனர். ஆகவேதான், கீழ்நிலைப் பிரிவுகளில் தடையைத் தளர்த்திச் சோதித்துப் பார்க்கலாம் என, பிரிட்டன் அரசு அமைத்த ரசிகர் நலன் ஆய்வுக் குழு 2021-இல் பரிந்துரைத்தது.