தோளுக்கு இரண்டு நட்சத்திரம்

பழைய சட்டை ஒன்று. அதன் தோளிலே ஊக்கைக் குத்துவதும் எடுப்பதுமாக, இரண்டு நாளாக ஒரு தாயும் தகப்பனும் பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

ஆவடியிலே, லேத் பட்டறையில் 28 ஆண்டுகளாக இரும்பு கடையும் அண்ணன் அவர். மகள் பரங்கிமலையில், படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில். வரும் சனிக்கிழமை காலை பயிற்சி நிறைவு அணிவகுப்பு. அது முடிந்ததும் பெற்றவர்களை மைதானத்துக்கு அழைப்பார்கள். ஒரு தோளுக்குத் தாய், மறு தோளுக்குத் தந்தை. லெப்டினென்ட் பதவியின் நட்சத்திரங்களைப் பெற்ற கைகளே சூட்டும். தோளுக்கு இரண்டு!

"தம்பி, நூலிழை பிசகாமல் கடைகிற கை இது. இந்த ஊக்கு மட்டும் விரலில் நிற்க மாட்டேன் என்கிறது" என்கிறார் அண்ணன்.

"நீங்க குத்துற வேகத்துக்குப் பிள்ளை தோளிலே ரத்தம்தான் வரும்" என்கிறார் அண்ணி.

வீடு கல்யாண வீடாகிவிட்டது. மதுரையிலிருந்து அத்தை வந்துவிட்டார். மாமனுக்கு இரவல் ஷூ, காலைக் கடிக்கிறதாம். அண்ணிக்கு ஒரே கவலை: எந்தப் புடவை? பெரிய பெரிய அதிகாரிகளின் வீட்டம்மாக்கள் வருவார்களே! கைத்தறியைக் கட்டுங்கள் என்றேன். யார் கேட்டார்? பட்டு வென்றுவிட்டது.

ஊக்கும் புடவையும் சிறிய செய்தியா, தோழர்களே? அந்த மைதானத்துக்குள் நுழைய நம்மவர் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! வெள்ளையன் நாளிலே இந்தியன் சிப்பாயாகலாம், சாகலாம். வளர்ந்தால் சுபேதார். முடி நரைத்த சுபேதார், நேற்று கப்பலிறங்கிய வெள்ளைக்கார வாலிபனுக்குக் கீழே! 1918-இல்தான், அதுவும் போரிலே இந்திய ரத்தம் ஆறாக ஓடிய பிறகுதான், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஆண்டுக்குப் பத்தே பத்து இடம் தந்தார்கள். டேராடூன் கழகம் பிறந்தது 1932-இல். தென்னாட்டானுக்கோ இன்னொரு பட்டமும் உண்டு — 'போர்க்குணம் அற்றவன்'! சென்னைப் படையின் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் போன்றோர் தீர்ப்பெழுதினார்கள். படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோது மட்டும் அந்தக் குணம் எங்கிருந்தோ முளைத்துவிட்டது!

1962-இல் சீனப் போர். அதிகாரிகள் போதவில்லை. அவசர அவசரமாக 1963-இல் பூனாவிலும் சென்னையிலும் பயிற்சிப் பள்ளிகள். பூனாப் பள்ளி மூடப்பட்டது. பரங்கிமலைப் பள்ளி நிலைத்தது. 1988-இல் கழகமாயிற்று. 1992-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியேதான் லேத் பட்டறைக்காரர் மகள் உள்ளே போனாள். கவாத்து மைதானத்துக்கு அங்கே பயின்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயர். 1987-இல் ஈழ மண்ணில் உயிர்விட்டவர். பரம் வீர் சக்கரம் பெற்றவர். அந்தப் படையை அங்கே அனுப்பியதைப் பற்றி நமக்குச் சொல்ல நிறைய உண்டு. அது வேறு மேடை.

அந்த மைதானத்தின் ஓரத்திலே 2023 ஏப்ரல் 29 அன்று நின்றவர் ரேகா சிங். கணவர் தீபக் சிங், நாயக். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்டார். மணமாகி அதிக காலம்கூட ஆகவில்லை. அவருக்கு வீர் சக்கரம் தந்தார்கள். அந்த மனைவி அழுதார், எழுந்தார், தேர்வெழுதினார், பயின்றார், அதிகாரியானார், லடாக்கிலேயே பணிக்குப் போனார்! கைம்பெண் மங்கல நிகழ்ச்சியின் முன்வரிசையில் நிற்கக் கூடாது என்பார்களே, அவர்கள் அன்று பரங்கிமலைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

இனி, அண்ணன் வீட்டில் யாரும் பேசாத பேச்சு.

49 வாரப் பயிற்சி. கயிறேறுவார்கள், பள்ளம் தாண்டுவார்கள், மூட்டை சுமந்து இரவெல்லாம் ஓடுவார்கள். முடிவில் ஒரு கோட்டைத் தாண்டி வைக்கும் அடிக்கு 'அந்திம் பக்' என்று இந்தியிலே பெயர். இறுதி அடி என்று தமிழில் சொன்னால் கால் எழும்பாதா, தெரியவில்லை! போகட்டும். அந்த அடிக்கு அப்பால் அதிகாரி. இப்பால்? மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வாங்கும் பயிற்சி மாணவர்.

ஒரு வாரம் மிச்சமிருக்கும்போது முதுகெலும்பு முறிந்தால்? பட்டாளத்துக்காகத்தானே முறிந்தது? இல்லையாம்! பதவியேற்குமுன் முறிந்த எலும்பு படைவீரனின் எலும்பு ஆகாதாம்! முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடையாது, கருணைத்தொகை உண்டு. கருணை! உழைத்தவனுக்குக் கூலி, உடல் கொடுத்தவனுக்குப் பிச்சையா? 1985 முதல் கடக்வாசலா, டேராடூன் கழகங்களிலிருந்து இப்படி உடல் கெட்டு வீடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று செய்தி வந்தது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. அதன் பிறகே முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்த்தது ஒன்றிய அரசு. நாற்பது ஆண்டு கழித்து மருந்து வந்தது!

இன்னொன்று கேளுங்கள். டேராடூனில் சேரும் பிள்ளையின் பெற்றோரிடம் முதலிலேயே ஒரு சான்றில் கையெழுத்து வாங்கும் விதி உண்டு: பயிற்சியில் காயம் பட்டால் ஈடு கேட்க மாட்டோம் என்று! ஆலை முதலாளி இப்படித் தாள் நீட்டினால் சங்கம் சும்மா இருக்குமா? விரல் போனால் ஈடு. 1923-லேயே சட்டம் வந்துவிட்டதே! பட்டறையில் நசுங்கிய விரலுக்குள்ள உரிமை, கவாத்து மைதானத்தில் முறிந்த முதுகுக்கு வேண்டாமா? ஓய்வூதியம், தகுதி இரண்டையும் கருணையாக அல்ல, கணக்காகக் கொடு என்று கேட்போம். நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாதிருந்தார்.

"நானும் கத்தையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் தம்பி. எதிலே என்ன எழுதியிருந்தது என்று யார் படித்தார்கள்? பிள்ளை போகிறாளே என்ற சந்தோஷம்."

நடுவிலே அவளுக்குக் கால் வீங்கி எட்டு நாள் படுத்திருந்தாளாம். அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை. என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதல் மின்வண்டியைப் பிடித்தால் சென்ட்ரல். அங்கிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தால் பரங்கிமலை வண்டி. பாட்டியால் நடக்க முடியுமா?" என்று கேட்டார்.

"ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள் அண்ணே" என்றேன்.

"எட்டுப் பேருக்கு இரண்டு ஆட்டோவா?" என்று கணக்குப் போட்டபடியே மறுபடி ஊக்கை எடுத்தார்.