பள்ளிக்குப் பின் எங்கே? மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்லூரிகளும் எல்லைக் கிராமங்களின் நிலையும் – ஒரு விளக்கம்

வெள்ளறடை: குறிப்பிட்ட அளவு மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை இந்தியச் சட்டம் வழங்கியுள்ளது. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. 18 வயதுக்குப் பின்னர் நிலைமை மாறுகிறது. கல்லூரியில் இடஒதுக்கீடு கிடைக்கிறது. ஆனால், அந்த வகுப்பில் நடத்தப்படும் பாடம் மாணவரைச் சென்றடையுமா என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள வெள்ளறடை போன்ற எல்லைக் கிராமங்களில் இந்தக் கேள்வி கூடுதல் சிக்கலைப் பெறுகிறது. பனச்சமூட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. சந்தையும் உறவும் இருபுறமும் உள்ளன. கல்விச் சலுகைகளோ பெரும்பாலும் மாநில எல்லையுடன் நின்றுவிடுகின்றன.

சிறப்புக் கல்லூரி என்றால் என்ன?

மாற்றுத்திறன் மாணவர்கள் அனைவருக்கும் தனிக் கல்லூரி தேவை என்பதில்லை. சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவருக்குச் சாய்தளமும், மின்தூக்கியும், உரிய கழிப்பறையும் இருந்தால் எந்தக் கல்லூரியிலும் பயில இயலும். பார்வைத்திறன் குறைந்த மாணவருக்குப் பிரெயில் நூல்கள், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கணினி மென்பொருள், தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளர் ஆகியவை தேவைப்படுகின்றன. உதவியாளரைக் கொண்டு தேர்வெழுதுவோருக்கு மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் அளிக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

செவித்திறன் குறைந்த மாணவரின் தேவை வேறு வகைப்பட்டது. அவருக்குத் தடையாக இருப்பது கட்டடம் அன்று, மொழி. ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் உதட்டசைவைப் படிக்க முடியாது. குழந்தைப் பருவத்தில் மொழி போதிய அளவு சென்றடையாதவர்களுக்குப் பாடநூலின் வாக்கியங்களே கடினமாக அமைகின்றன. வணிகவியலில் 'தேய்மானம்' போன்ற ஒரு கலைச்சொல்லை விளக்க, முதலில் அதற்கான சைகையை வகுப்பறை அறிந்திருக்க வேண்டும். சைகை மொழியில் நேரடியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும், மொழிபெயர்ப்பாளர்களும் ஒரே இடத்தில் இருக்கும் கல்லூரி இவர்களுக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

அறிவுசார் குறைபாடும் பன்முகக் குறைபாடும் கொண்ட இளைஞர்கள் மூன்றாவது பிரிவினர். பட்டப்படிப்பைக் காட்டிலும் தொழிற்பயிற்சி, அன்றாட வாழ்க்கைத் திறன், தனித்து வாழும் பழக்கம் ஆகியவையே இவர்களுக்கான உயர்கல்வியாகக் கருதப்படுகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இத்துறையில் இயங்கி வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1995-ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கியது. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, கடந்த 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டின் வகைகள் 21 ஆக உயர்த்தப்பட்டன. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்று இச்சட்டத்தின் 32-ஆவது பிரிவு கூறுகிறது. சேர்க்கைக்கான உச்ச வயது வரம்பில் 5 ஆண்டுகள் தளர்வும் உண்டு. 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு இச்சலுகை பொருந்தும்.

இந்த 32-ஆவது பிரிவை அனைத்து நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 15-ஆம் தேதி உத்தரவிட்டது. 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாடு உடையவரும் தேவை இருப்பின் எழுத்து உதவியாளரைப் பெறலாம் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் காரணம் காட்டி மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கக் கூடாது. மாணவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் தெளிவுபடுத்தியது.

இவை அனைத்தும் கல்லூரியின் வாயிலைத் திறக்கும் தீர்ப்புகள். உள்ளே நுழைந்த மாணவருக்குச் சைகை மொழி ஆசிரியர் யார், அவருக்கு ஊதியம் அளிப்பது யார் என்பவை பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பத்தையும் நிதியையும் சார்ந்தே உள்ளன.

வெள்ளறடைக்கு அருகில் உள்ள கல்லூரி

இத்தகைய ஏற்பாடு உள்ள நிறுவனங்களில் முதன்மையானது வெள்ளறடையில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் அமைந்துள்ளது. 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், சுருக்கமாக 'நிஷ்' என்று அழைக்கப்படுகிறது. கேரள அரசின் சமூக நீதித் துறையின் கீழ் தன்னாட்சி நிறுவனமாகச் செயல்படுகிறது. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி முதல் பட்டப்படிப்பு வரை ஒரே வளாகத்தில் அமைந்திருப்பது இதன் சிறப்பு.

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே கணினி அறிவியல், நுண்கலை, வணிகவியல் ஆகிய பட்டப்படிப்புகள் இங்கு நடத்தப்படுகின்றன. இவை கேரளப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. சைகை மொழி ஆசிரியர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் உருவாக்கும் பட்டயப் படிப்புகளும் இங்கு உண்டு.

2015-16 நிதியாண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில், 'நிஷ்' நிறுவனம் மாற்றுத்திறன் ஆய்வு மற்றும் மறுவாழ்வுப் பல்கலைக்கழகமாகத் தரம் உயர்த்தப்படும் என்று அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி அறிவித்தார். ஆனால், இத்தகைய மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகப் பின்னர் வெளியிடப்பட்ட வரைவு மசோதாவில் அசாம் மாநிலத்தின் காமரூப் மாவட்டம் இடமாகக் குறிப்பிடப்பட்டது. தென்கோடியில் வசிக்கும் மாணவர்களுக்கு அந்தத் தொலைவின் பொருள் விளக்கத் தேவையற்றது.

தமிழகத்தின் நிலை

செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளிக் கல்வியில் தென்தமிழகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் கிறித்தவ மிஷனரிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவித்திறன் குறைந்தோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளிகளை நிறுவினர். ஆனால், அந்தப் பள்ளிகளில் பயின்று வெளிவந்தோர் கல்லூரியில் சைகை மொழி வழியே பட்டம் பெறும் வாய்ப்பு உருவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

தற்போது சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென வணிகவியல், கணினிப் பயன்பாடு ஆகிய பட்டப்படிப்புகள் உள்ளன. அடையாற்றில் செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் கல்லூரி இயங்குகிறது. இரண்டும் தலைநகரிலேயே உள்ளன. கன்னியாகுமரி மாவட்ட எல்லையில் இருந்து சென்னை 700 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. ஆகவே, விளவங்கோடு வட்டத்தில் வசிக்கும் செவித்திறன் குறைந்த மாணவிக்குத் தம் மாநிலக் கல்லூரியைவிட அண்டை மாநிலக் கல்லூரியே அருகில் உள்ளது.

எல்லையில் எழும் சிக்கல்

மாநில அரசுகள் வழங்கும் உதவித்தொகை, பேருந்துச் சலுகை, மாநில இடஒதுக்கீடு ஆகியவை பொதுவாக இருப்பிடச் சான்றை அடிப்படையாகக் கொண்டவை. வெள்ளறடையில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தின் மகன் சென்னையில் விண்ணப்பித்தால் வெளிமாநில மாணவராகவே கருதப்படுவார். எல்லையின் மறுபுறத்தில் வசிப்பவர் திருவனந்தபுரத்தில் விண்ணப்பிக்கும்போதும் இதே நிலைதான்.

இரண்டு அம்சங்கள் இச்சிக்கலைக் குறைக்கின்றன. முதலாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. மத்திய அரசின் இந்த அட்டை நாடு முழுவதும் செல்லுபடியாகும் என்பதால், மாநிலம் மாறும்போது குறைபாட்டுச் சான்றை மீண்டும் பெற வேண்டியதில்லை.

இரண்டாவது, சைகை மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அது தமிழின் சைகை வடிவமும் அன்று, மலையாளத்தின் சைகை வடிவமும் அன்று. வட்டார வேறுபாடுகள் இருப்பினும், மார்த்தாண்டத்து மாணவரும் பாறசாலை மாணவரும் சைகை மொழியில் உரையாட மாநில எல்லை தடையாக இருப்பதில்லை. புதுதில்லியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018-ஆம் ஆண்டு 3,000 சொற்களுடன் முதல் அகராதியை வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் சொற்களின் எண்ணிக்கை 10,000 ஆனது. நாடு முழுவதும் சைகை மொழியைத் தரப்படுத்த வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள காலோடெட் பல்கலைக்கழகம் 1864-ஆம் ஆண்டிலேயே செவித்திறன் குறைந்தோருக்குப் பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பெற்றது. அதற்கான சட்டத்தில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார்.

பிரிட்டனில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்புக் கல்லூரிகள் 'நாட்ஸ்பெக்' என்ற சங்கமாக ஒருங்கிணைந்துள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் உறுப்பினர்களாக உள்ளன. 1872-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பார்வையற்றோருக்கான ராயல் தேசியக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. ஒரு கல்லூரி கண்டறிந்த கற்பித்தல் முறையைப் பிற கல்லூரிகளுக்குக் கொண்டு செல்வது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது, நிதி குறித்து அரசிடம் ஒரே குரலில் பேசுவது ஆகியவை இச்சங்கத்தின் பணிகள்.

அங்கு இச்சங்கத்துக்கு வலிமை சேர்ப்பது சட்டமே. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின்படி, கல்வி, உடல்நலம், பராமரிப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய தனித்திட்டம் மாணவருக்கு 25 வயது வரை நீடிக்கலாம். எந்தக் கல்லூரி, என்ன உதவி என்பது அத்திட்டத்தில் எழுதப்படுகிறது; எழுதப்பட்ட கல்வி உதவியை வழங்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பைச் சாரும். இந்தியச் சட்டம் 18 வயதில் நிறுத்திக்கொள்ளும் பொறுப்பு அங்கு மேலும் ஏழு ஆண்டுகள் வரை தொடர வாய்ப்புள்ளது.

இந்தியாவில் இத்துறையின் முக்கியச் சட்டபூர்வ அமைப்பு இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஆகும். ஆனால், அது சிறப்பு ஆசிரியர்கள், செவித்திறன் வல்லுநர்கள் போன்ற பணியாளர்களின் பயிற்சியை ஒழுங்குபடுத்துகிறது. மாற்றுத்திறன் மாணவர்கள் பயிலும் பட்டப்படிப்புகள் வழக்கம்போல் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் வரம்பில் வருகின்றன. திருவனந்தபுரத்தில் ஒரு வணிகவியல் சொல்லுக்கு உருவாகும் சைகை சென்னையின் வகுப்பறையைச் சென்றடைய, இக்கல்லூரிகளுக்கு இடையே முறையான இணைப்பு தேவைப்படுகிறது.

எத்தனை பேருக்கான கேள்வி?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் தமிழகத்தில் 11.79 லட்சம் பேரும், கேரளத்தில் 7.61 லட்சம் பேரும் வசிக்கின்றனர். செவித்திறன் குறைந்தோர் மட்டும் நாடு முழுவதும் 50 லட்சத்துக்கும் அதிகம். மாற்றுத்திறனாளிகளில் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 55 விழுக்காடு. பட்டம் பெற்றோர் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. அரசு வேலைவாய்ப்பில் இவர்களுக்கு 4 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. எனினும், பட்டம் தேவைப்படும் பணியிடங்களுக்குப் பட்டம் இல்லாதோர் விண்ணப்பிக்க இயலாது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பிளஸ் டூ தேர்வுக்குக் காத்திராமல், மாணவர் 10-ஆம் வகுப்பில் பயிலும்போதே தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது பயன் தரும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.2.50 லட்சத்துக்கு மேற்படாத மாணவர்கள், மத்திய அரசின் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இது மத்தியத் திட்டம் என்பதால், வேறு மாநிலத்தில் பயில விரும்புவோர் கருத்தில் கொள்ளத்தக்கது.

பள்ளிப் படிப்பில் இடைவெளி ஏற்பட்டவர்களும் 5 ஆண்டு வயதுத் தளர்வைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கல்லூரியில் சேரும் முன், அங்கு சைகை மொழி அறிந்த ஆசிரியர், தேர்வு உதவியாளர், விடுதி வசதி ஆகியவை உள்ளனவா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது நல்லது. 5 விழுக்காடு ஒதுக்கீடு மறுக்கப்பட்டால், அந்தந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் முறையிடலாம். இம்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரத்தை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையருக்கு வழங்கியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.