பட்டியல் எழுதுகிறவர்கள்

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது செய்தி மட்டும் வந்து சேர்வதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்து வர, விளம்பரங்கள் வேறு பல சர்வர்களிலிருந்து வருகின்றன. வாசகர் எதைப் படிக்கிறார் என்று வேவு பார்க்கும் நிரல்களும் கூடவே வருகின்றன. இவை ஒவ்வொன்றையும் பிரவுசர்தான் தனித்தனியாகக் கேட்டு வாங்குகிறது. விளம்பரத் தடுப்பான் குறுக்கே புகுவது அந்த இடத்தில்தான். தடைப் பட்டியலில் உள்ள முகவரி என்றால் கோரிக்கை வெளியே போவதே இல்லை. பக்கம் சட்டென்று திறப்பதும் டேட்டா மிச்சமாவதும் இதனால்தான். தளத்தின் சொந்த சர்வரிலிருந்தே விளம்பரம் வந்தால், அந்தப் பெட்டியைப் பக்கத்தில் தெரியாதபடி மறைத்துவிடும்.

ஆனால் எது விளம்பரம் என்று தடுப்பானுக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். அங்கேதான் அதிகாரம் இருக்கிறது.

அப்படிச் சொல்லும் பட்டியல்களில் முதன்மையானது ஈஸிலிஸ்ட். பல்லாயிரம் வரிகள் கொண்ட வெறும் டெக்ஸ்ட் கோப்பு அது. வரிக்கு ஒரு விதி. தளத்தின் பெயருக்கு முன் || போட்டால் தடை, மறைக்க வேண்டிய பெட்டியின் அடையாளத்துக்கு முன் ## போட்டால் மறைப்பு, விதியின் தொடக்கத்தில் @@ போட்டால் விதிவிலக்கு. இதைத் தொடங்கிய ரிக் பெட்னெல் 2009இல் இறந்தார். அதன்பின் ஒரு சில தன்னார்வலர்களே காத்துவருகிறார்கள். ஆட்பிளாக் பிளஸ், யூபிளாக் ஆரிஜின் ஆகிய தடுப்பான்கள், பிரேவ் பிரவுசர் எல்லாமே இந்தக் கோப்பைப் பயன்படுத்துகின்றன. இதில் ஒரு வரி கூடினால் ஒரு விளம்பர நிறுவனத்தின் வருமானம் விழும். ஒரு வரி பிசகினால் எங்கோ ஒரு கடைத் தளத்தில் பணம் கட்டும் பொத்தான் காணாமல் போகும்.

2017இல் அட்மிரல் என்ற அமெரிக்க நிறுவனம் அப்படி ஒரே ஒரு வரிக்காக மல்லுக்கு நின்றது. தளங்கள் விளம்பரத் தடுப்பான்களை எதிர்கொள்ள உதவுவது அதன் தொழில். அது பயன்படுத்திய ஃபங்ஷனல்கிளாம் டாட் காம் என்ற முகவரி பட்டியலில் ஏறியதும், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, கோப்பு இருந்த கிட்ஹப் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. வழக்காடப் பணமில்லாத தன்னார்வலர்கள் மேல் சட்டம் பாய்ந்தால் என்ன ஆகும்? அந்த வரி நீக்கப்பட்டது.

2022இல் வந்த நெருக்கடிக்கு எந்த எதிரியும் காரணமில்லை. குறைபாடுள்ள சில ஆண்ட்ராய்டு பிரவுசர்கள், திறக்கும் போதெல்லாம் முழுப் பட்டியலையும் புதிதாக இறக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சுமையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்தது. கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் ஒரு கோப்பின் சர்வர், காசில்லாமல் திணறியது.

பட்டியல் எழுதுகிறவர்களிடம் காசில்லாவிட்டாலும், பணம் வேறு வழியாக இந்த உலகத்துக்குள் வந்தது. ஆட்பிளாக் பிளஸை நடத்தும் ஜெர்மனியின் ஐயோ நிறுவனம், 2011இல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற விலக்குப் பட்டியலைக் கொண்டுவந்தது. உறுத்தாத விளம்பரங்களை அது அனுமதிக்கும். பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். கூகுளும் கட்டியது. பயனர் தாமாகப் போய் அணைக்காவிட்டால் இந்த விலக்கு இயங்கிக்கொண்டே இருக்கும். ஆக்ஸெல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், 2018இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஐயோவின் பக்கமே நின்றது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனாலும் வாயிற்காவலரே சுங்கம் வசூலிக்கும் ஏற்பாட்டில் வாசகரின் நலன் இரண்டாம் இடத்துக்குத்தான் போகும்.

இப்போது பிடி பிரவுசர் நிறுவனத்தின் கைக்கு மாறுகிறது. முன்பு குரோமில் ஒவ்வொரு கோரிக்கையையும் தடுப்பானே பார்த்து முடிவெடுத்தது. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையில், விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைக்க வேண்டும், அமல்படுத்துவது பிரவுசர். விதிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பாதுகாப்புக்காகத்தான் இந்த மாற்றம் என்கிறது கூகுள். விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனமே அந்த வரம்பை வகுக்கிறது என்பதை வாசகர் மறக்கக் கூடாது. யூபிளாக் ஆரிஜின் இதனால் குரோமில் முடக்கப்பட்டது. ‘லைட்’ என்ற சுருங்கிய வடிவம் அங்கே கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் பழைய வடிவமே இயங்குகிறது.

யூபிளாக் ஆரிஜினை உருவாக்கிய ரேமண்ட் ஹில் நன்கொடை எதையும் வாங்குவதில்லை. கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, நீங்கள் பயன்படுத்தும் பட்டியல்களை உழைத்துப் பராமரிப்பவர்களை நினைத்துப் பாருங்கள் என்று தன் திட்டப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.